தட்டு போகாத தெரு

2000ல வந்த ‘அலைபாயுதே’யில மின்சார ரயிலில் மாதவன் ஷாலினிகிட்ட மனசில இருக்கிறதை முகத்துக்கு நேராச் சொல்வான். தாமல் காலனியில டிவி முன்னால உக்காந்து நாங்களும் கைதட்டினோம். அந்தப் படத்தில் இரு வீட்டுக்கும் தகராறு வசதியைப் பற்றியது. நமக்கு அது மட்டுமா?

எங்க பக்கம் பொண்ணு கேக்கணும்னா நாலு பெரியவங்க தாம்பூலத் தட்டோட போகணும். காலனியிலிருந்து ஊர்த்தெருவுக்கு அப்படியொரு தட்டு போனதை நான் பார்த்ததில்லை.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) இதைத்தான் காட்டியது. பரியன் பொண்ணு கேட்கவில்லை. தோழி ஜோ கூப்பிட்டாளென்று அவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனான். அதற்கே அறைக்குள் வைத்து அடித்தார்கள்.

சாதி தாண்டி மணந்த இளவரசனின் உடல் 2013ல் தருமபுரியில் தண்டவாளத்தருகே கிடந்தது. சாதி தாண்டி ஒரு பெண்ணோடு பேசிய கோகுல்ராஜின் உடல் 2015ல் தண்டவாளத்தில் கிடந்தது. அதே ரயில்தான்.

மறக்க முடியாத காதல் காட்சின்னு பட்டியல் போடுறவங்க போடட்டும். நம்ம பையன் ஊர்த்தெருவில் பொண்ணு கேட்டுட்டு, ‘முடியாது’ன்னு ஒரு சொல் மட்டும் வாங்கிக்கிட்டு, உசுரோட வீடு திரும்புற காட்சியை எவனாவது எடுக்கட்டும். அதுக்கு நான் கைதட்டுவேன்.