பெத்லகேம் குறவஞ்சியில் பள்ளிப் பாடம்

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியைப் பத்திநூலாக மட்டும் கொள்வார்க்கு, அதனுள் கோள்களும் நாடுகளும் அடுக்கி வருதல் சுவைக்கு இழுக்கெனத் தோன்றும். யாம் அதற்கு உடன்படேம். சுவார்ட்சு ஐயரின் அரவணைப்பில் வளர்ந்து, தரங்கம்பாடியிற் பயின்று, தஞ்சைக் கிறித்தவப் பள்ளியில் தலைமையாசிரியராய் அமர்ந்தவர் அவர். அந்நாளைய மறைப்பணிப் பள்ளிகளில் வேதபாடத்தோடு வானநூலும் பூகோளமும் கற்பிக்கப்பெற்றன. அவற்றைத் தமிழ் மாணாக்கர் நெஞ்சில் நிறுத்த, ஆடியும் பாடியும் மகிழ்தற்குரிய குறவஞ்சியையே அவர் கருவியாக்கினார் எனல் பொருந்தும். பத்திப் பகுதிகளை மட்டும் தெரிந்தெடுத்துப் பாடமாக வைப்பின், சாத்திரியாரிற் பாதியே நம் மாணவர்க்குக் கிட்டும்.

குறத்தி பல நாடு திரிந்தவள். மலைவளமும் நாட்டுவளமும் கூறுதல் அவட்கு மரபு. அம்மரபின்வழிப் பூகோளம் புகுங்கால் அது செயற்கையாகத் தோன்றுவதில்லை. கதிரவனை நடுவாகக் கொண்ட கோப்பர்நிக்கசு கொள்கையோ அத்துணை இயல்பாக இசைந்திலது. ஆங்கே பள்ளியாசிரியர் புலவரை விஞ்சிவிடுகின்றார். இதனை மறைத்தல் திறனாய்வாகாது. அவர்தம் ஞானத்தச்ச நாடகத்தில், நோவாவின் பேழைக்குரிய உயிரினங்களை வகுத்தோதுமிடத்தில், கதையும் பாடமும் பிரிவரிதாய் நிற்கின்றன.