ஒடிந்த கோடும் நேர்கோடும்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பயில்வோருக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பேசப்பட்டுவரும் ஆய்வுரை ஒன்றுண்டு. அமெரிக்க மொழியியல் அறிஞர் ராபர்ட் கப்லான் 1966-ஆம் ஆண்டு வெளியிட்டது அது. அயல்நாட்டு மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 600 ஆங்கிலக் கட்டுரைகளை ஆராய்ந்த அவர், மொழியினத்துக்கு ஒன்றாகச் சிந்தனைப் போக்கைக் கோட்டுப் படங்களாக வரைந்து காட்டினார். ஆங்கிலத்துக்கு மேலிருந்து கீழிறங்கும் நேர்கோடு. கீழை நாட்டாருக்குச் சுழல். அரபு, ஹீப்ரு முதலிய செமித்திய மொழியினருக்கு முன்னும் பின்னுமாக ஒடிந்து செல்லும் கோடு. அரபு இலக்கியத்தைக் கற்று, கற்பித்தும் வரும் நாம் இப்படத்தைக் கண்டு வாளாவிருத்தல் இயலாது.

முதற்கண் கப்லானுக்குரிய சிறப்பை வழங்கிவிடுவோம். பிழையின்றி வாக்கியம் அமைக்கத் தெரிந்த மாணவனும் ஆங்கிலக் கட்டுரையில் இடறுவது ஏன் என்று அவர் வினவினார். அது அறிவுக் குறையன்று. பத்தியைக் கட்டும் மரபு மொழிக்கு மொழி வேறுபடுகிறது என்று விடை கண்டார். மாணவனை மந்தபுத்தியுள்ளவன் என்று ஒதுக்கிவிடும் ஆசிரியர்க்கு இது நல்ல பாடமே.

ஆயின் அவர் காட்டும் சான்று யாது? ஒரு கருத்தை இணையிணையான தொடர்களால் கூறுவது செமித்திய இயல்பு என்பதற்கு அவர் எடுத்தாண்டவை, 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பின் பகுதிகள். அடுத்து ஓர் அரபு மாணவரின் ஆங்கிலக் கட்டுரைக்கு வந்துவிடுகிறார். ஹீப்ருவின் நடையை ஆங்கிலத்தில் கண்டு, அதனை அரபியரின் சிந்தனைக்கு அளவுகோலாக்குவது எங்ஙனம் பொருந்தும்? அயல்மொழியில் தடுமாறி எழுதுபவரின் எழுத்து, அவர் தம் தாய்மொழியில் எவ்வாறு எழுதுவார் என்பதற்குச் சான்றாகாது.

அரபு மாணவரின் ஆங்கிலக் கட்டுரையில் 'அண்ட்' என்னும் சொல் மிகுதியாக வருவதுண்டு. ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் அடிப்பார். அரபியிலோ 'வ' என்னும் இணைப்புச் சொல்லுக்கு ஓர் இயலே உண்டு. வாக்கியங்களை எங்கே இணைப்பது, எங்கே இணைக்காது விடுவது என்பதை 'வஸ்ல்', 'ஃபஸ்ல்' என்ற பெயர்களால் பலாகத் கலை ஆராய்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் ஜுர்ஜானி தம் 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் இதனை விரிவாக ஆய்ந்துள்ளார். அவர் பாரசீக நாட்டவர். அரபு இலக்கணத்தின் முதற்பெருநூலாகிய 'அல்கிதாப்' இயற்றிய ஸீபவைஹியும் பாரசீகரே. பிறமொழியினர் ஒரு மொழியின் நுட்பங்களுக்கே ஆசான்களாகலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கப்லான் தம் கூற்று மிகைப்பட்டதென்பதை 1987-இல் தாமே ஒப்புக்கொண்டார்; எல்லா அமைப்புகளும் எல்லா மொழிகளிலும் இயலும் என்றார். எனினும் ஆசிரியர் மனத்தில் பதிந்தது பழைய படமே.

அப்படியாயின் கற்பிக்கும் வழி யாது? 1377-இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், இலக்கண விதியை அறிதல் வேறு, மொழித்திறன் வேறு என்று பிரித்துக் காட்டினார். தையற்கலையை வாயால் விளக்கத் தெரிந்தவன் ஊசியை எடுத்ததும் தையற்காரனாகிவிடுவதில்லை. நல்ல எழுத்தை நிரம்பப் படித்து, பலமுறை எழுதிப் பழகினாலன்றி 'மலகா' என்னும் அத்திறன் கைகூடாது.

ஆங்கில வாசகர் மையக் கருத்தை முதலிலேயே எதிர்பார்ப்பாராயின், அதனை மாணவர் கற்கத்தான் வேண்டும். இதில் நமக்கு மறுப்பில்லை. அதனை எழுத்து மரபாகக் கற்பியுங்கள், சிந்தனையின் தரமாகக் கற்பிக்காதீர்கள் என்பதே நம் வேண்டுகோள். நடையைத் திருத்தினால் பிள்ளை மறுபடியும் எழுதும். உன் சிந்தனையே கோணல் என்று கூறினால் எழுதுகோலையே கீழே வைத்துவிடும். சிவப்புக் கோடுகள் நிறைந்த ஏட்டுடன் வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோரும் இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பார்களாக.