கதவு வரை என்றால் எந்தக் கதவு?

முதலில் தீர்ப்பு. அரிசி நல்ல அரிசி. பருப்பில் கல் இல்லை. பால்மாப் பெட்டியில் காலாவதித் திகதி அடுத்த வருடத்தைக் காட்டியது. முட்டை ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் இவ்வளவும் வந்து இறங்கியது என் பெற்றோரின் வாசலில் அல்ல, தோட்டத்துக்குள் பிரியும் சந்தியில். அங்கிருந்து லயத்துக்கு ஏற்றம்தான். பத்துக் கிலோ அரிசியோடு அதில் ஏறும் வயதை அப்பா எப்போதோ தாண்டிவிட்டார்.

நான் சொல்வது ஒரு சூப்பர்மார்க்கெட் சங்கிலியின் வீட்டு விநியோகச் செயலி பற்றி. பெயர் வேண்டாம். செயலி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: கூடை, கழிவு விலை, புள்ளிகள், கார்ட் அல்லது கையில் காசு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கொழும்பில் வேலை செய்கிறேன்; அம்மாவும் அப்பாவும் எகலியகொடைக்கு மேலே, பாதி றப்பரும் பாதித் தேயிலையுமான ஒரு தோட்டத்தில், ஓய்வு பெற்ற பின்னும் அதே லயத்தில் இருக்கிறார்கள். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வந்து கடைகளிலும் கந்தோர்களிலும் நிற்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இருக்கும் கவலைதான் எனக்கும்: மாதச் சாமானை யார் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவது? அதற்குத்தான் இந்தச் செயலி. ஒரு மழைக்காலம் முழுக்கப் பாவித்துப் பார்த்தேன்.

சிக்கல் தொடங்குவது முகவரிப் பெட்டியில். வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று கட்டம். லயத்துக் காம்பராவுக்கு வீதி கிடையாது. தோட்டத்தின் பெயரைப் போட்டேன். செயலி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைக் குத்தியது. பெரிதாக்கிப் பார்த்தால் அது கொழுந்து ஸ்டோருக்குப் பின்னால் உள்ள ஒரு காட்டுத்துண்டு. தோட்டம் என்பது அதற்கு ஒரு வீடு. எங்களுக்கோ அது பல டிவிஷன், பல மலை, நூற்றுக்கணக்கான குடும்பம்.

சரி, புள்ளியை நானே நகர்த்தி எங்கள் லயத்துக் கூரையின் மேல் வைத்தேன். செயற்கைக்கோள் படத்தில் தகரம் பளபளவென்று தெரிகிறது, தப்ப முடியாது என்று நினைத்தேன். பொருள் கொண்டுவந்த பையனின் போன் அவனைப் பக்கத்து டிவிஷன் பாதையில் கூட்டிப்போய் ஓடைக்கு அந்தப் பக்கம் நிறுத்தியது. புள்ளி சரி, பாதை பிழை. நேர்க்கோட்டில் கூப்பிடு தூரம். வண்டியில் வரவேண்டுமென்றால் திரும்பிச் சந்திக்கு இறங்கி, இன்னொரு மலையைச் சுற்ற வேண்டும். கொந்தராத்து லொறிகளும் கொழுந்து ட்ராக்டரும் ஓடும் பாதைகளில் எது மழையில் ஓடும், எது ஓடாது என்பது அந்த வரைபடத்தில் இல்லை. முகவரி இல்லாத இடங்களுக்கென்றே கூகுள் பிளஸ் கோட் என்று ஒரு குறியீட்டை இலவசமாக விட்டிருக்கிறது. கொல்கத்தாவின் சேரிகளில் ஒரு தொண்டு அமைப்பு அதைக் கொண்டு குடிசைகளுக்கு முகவரி கொடுத்திருக்கிறது. அதையும் குறிப்புப் பெட்டியில் எழுதிப் பார்த்தேன். குறிப்புப் பெட்டியை யாரும் படிப்பதில்லை என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு நடப்பது என்ன? போன் எடுக்கிறார்கள். செயலியில் ஒரு இலக்கத்துக்குத்தான் இடம், அது காசு கட்டும் ஆளின் இலக்கம். ஆகவே பொரளையில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அழைப்பு வருகிறது. நான் வெளியே எழுந்து வந்து, றப்பர் மரங்களுக்கு நடுவில் நிற்கும் ஒருவருக்குச் சிங்களத்தில் வழி சொல்கிறேன். இடது பக்கம் பிள்ளைக்காம்பரா தெரியுதா? இல்லையா? அப்போ நீங்கள் மேல் டிவிஷனுக்கு ஏறிவிட்டீர்கள், திரும்புங்கள். அடுத்த போன் அம்மாவுக்கு. லயத்துக்குள் சிக்னல் கிடையாது, கோவில் திட்டில் ஏறினால்தான் ஒரு கோடு வரும். ஏறி நின்று அம்மா சொல்கிறார்: “தம்பி, அந்தப் பையன் கோவில்கிட்ட நிக்கிறேங்கிறானாம். எந்தக் கோவிலு? மேல் டிவிஷன்லயும் மாரியம்மன் இருக்காளே.”

ஒருமுறை நான் பையனிடம் அம்மாவின் இலக்கத்தையே கொடுத்துவிட்டேன். சபரகமுவத் தோட்டங்களில் சுற்றிலும் சிங்களக் கிராமம். அம்மாவின் தலைமுறைக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. “அம்மே, கொஹேத இன்னே?” என்று அவன் கேட்க, “கோவில லங்க புத்தே, பஹல கோவில” என்று இவர் சொல்ல, கால் மணி நேரத்தில் சாமான் வாசலில். செயலி செய்யாததை ஒரு தாய் செய்தார். அந்த இலக்கத்தைப் போட ஒரு கட்டம் வைத்திருந்தால் போதும். பணம் கட்டுகிறவரும் பெற்றுக்கொள்கிறவரும் ஒரே ஆள் என்று யாரோ ஒரு மென்பொருள்காரர் கொழும்பு அடுக்குமாடியில் இருந்து முடிவு செய்துவிட்டார். முதியவர்களுக்காக ஓடர் போடுகிற வீடுகளில் அது அநேகமாக ஒரே ஆள் இல்லை.

செயலியை மட்டும் குட்டுவது நியாயமில்லை. லயத்துக்கு முகவரி கொடுக்காதது அது அல்ல. எங்கள் ஆட்கள் இந்த மலைகளுக்கு வந்து இருநூறு வருடம் என்று, மலையகம் 200 என்ற பெயரில் 2023இல் ஊர் ஊராக விழா எடுத்தோம். அந்த இருநூறு வருடத்தில் தோட்டத்துக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வந்தது. அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எந்தத் தோட்டத்தில் இல்லை? இத்தனைக்கும் லயங்களுக்கு இலக்கம் உண்டு. எத்தனையாவது லயன், தொங்கல் காம்பராவா நடுக்காம்பராவா என்று சொன்னால் பெரட்டுக்களத்தில் நிற்கும் எந்தப் பிள்ளையும் கையைக் காட்டும். தகவல் இருக்கிறது. அதை எழுதக் கட்டம் இல்லை.

தோட்டத்துக்கு வீட்டு விநியோகம் புதிதா என்றால் அதுவும் இல்லை. இன்று சூப்பர்மார்க்கெட் நடத்தும் கார்கில்ஸ் 1844இல் தொடங்கிய கம்பனி. பிறகு நூறு வருடத்துக்கு மேல் இந்த மலைகளில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் கொழும்பிலும் கண்டியிலும் இருந்து டின் சாமானும் சாராயமும் வரவழைத்துச் சாப்பிட்டவர்கள். நகரத்திலிருந்து பங்களாவுக்கு இறைச்சிப் பெட்டியைத் தலையில் வைத்துச் சுமந்து ஏறியவர்கள் லயத்து ஆட்கள். பங்களா வாசல் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. லயத்துக்கு வந்தது தோட்டம் கொடுத்த அரிசி. அதன் விலை சம்பளத்தில் வெட்டப்பட்டது. இன்றைய சூப்பர்மார்க்கெட் வாகனத்தில் பாஸ்மதியும் கோதுமை மாவும் ஒன்றாக வருகின்றன என்பதே ஒரு வகையில் முன்னேற்றம்தான்.

இதை என் அப்பாவைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. 1973, 74 பஞ்சத்தில் ஒரு றாத்தல் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற பையன்களில் அவரும் ஒருவர். தோட்டப்புறத்தில் பட்டினிச் சாவுகள் நடந்த வருடங்கள் அவை. 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. அவருக்கு இந்தச் சேவையில் பிடித்தது சாமான் இல்லை, பில். சாமான் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பெட்டியில் அச்சடித்த விலையையும் பில்லில் உள்ள விலையையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார். இரண்டும் ஒன்றாக இருக்கும்போது அவர் முகத்தில் வரும் திருப்தி, கடைக் கொப்பியில் யாரோ எழுதிய கணக்கை நம்பியே ஒரு ஆயுளைக் கழித்தவரின் திருப்தி. கொழும்புக்காரன் கொடுக்கும் அதே விலைக்கே, மலையில் இருக்கும் எனக்கும் கிடைக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டார். கிடைக்கிறது. நான் எதிர்பார்க்காத மகிழ்ச்சி இதுதான். இதற்காகவே செயலியை இன்னும் போனில் வைத்திருக்கிறேன்.

இனிச் சில்லறை எரிச்சல்கள். தமிழில் ‘கருவாடு’ என்று தேடினால் வெறும் திரை. ‘ஸ்ப்ரட்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் நெத்தலி வருகிறது. தமிழ் 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து ஆட்சிமொழி. தேடல் பெட்டிக்கு இன்னும் சொல்லவில்லை போலும். கேட்டது இல்லையென்றால் வேறொன்றை அனுப்பிவிட்டு, அதற்குச் சம்மதமா என்று எனக்குத்தான் செய்தி வருகிறது. நாட்டரிசிக்குப் பதில் சம்பா பரவாயில்லையா என்றால் எனக்குப் பரவாயில்லை. சீனி வியாதிக்காரரான அப்பாவுக்குப் பரவாயில்லையா என்பதை யார் கேட்பது? வெற்றிலை இல்லை. வெற்றிலை இல்லாத கடையை அம்மா கடையாகவே எண்ணுவதில்லை.

விலை கணக்கும் பார்க்க வேண்டும். சந்தியிலிருந்து மேலே ஏற்ற எங்கள் லயத்துப் பையன் ஒருவனின் ஆட்டோவைப் பிடிக்கிறேன். டெலிவரிக் கட்டணத்தோடு ஆட்டோக் காசையும் சேர்த்தால், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாயாக நிர்ணயித்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தில் பாதி கரைந்தது. மாதம் ஒருமுறை, பாரமான சாமானுக்கு மட்டுமென்றால் தாங்கும். வாரா வாரம் என்றால் பிள்ளையின் பாசத்துக்கும் ஒரு எல்லை உண்டு.

அந்த ஆட்டோப் பையனுக்கு முகவரி தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பீத்தோவனின் ‘ஃபியூர் எலிஸே’யை இசைத்துக்கொண்டு ஏறி வரும் சூன் பாண் ஆட்டோவுக்கும் தேவைப்படவில்லை. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்காரருக்கும் இல்லை. தவணைக்குப் புடவை விற்பவருக்கும் இல்லை. கடன் வசூலிக்க வரும் லீசிங் ஆட்கள்கூடச் சரியாகக் காம்பரா வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். இந்த மலையில் விநியோகம் நடக்காமலில்லை. அதைச் செய்பவர்கள் லயத்தைத் தெரிந்தவர்கள், அல்லது தெரிந்தவரைக் கேட்டவர்கள். சூப்பர்மார்க்கெட் இரண்டும் செய்யவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது இதே கம்பனிக்காரர்கள் போனிலும் வட்ஸ்அப்பிலும் ஓடர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நாடு பூட்டிக் கிடந்தும் கொழுந்து பறிப்பு நிற்கவில்லை. அப்போதே மலைக்கு வழி கேட்டிருந்தால், இந்நேரம் அவர்களிடம் லயன் லயனாக ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

சரி, வாங்கலாமா? நீங்கள் அவிசாவளை, இரத்தினபுரி, கேகாலை நகரத்துக்குள், பிரதான பாதையோரம் பெற்றோரை வைத்திருக்கிறீர்கள் என்றால் தயங்காமல் போடுங்கள். தோட்டத்துக்குள் என்றால் மூன்று நிபந்தனை. ஸ்டோருக்கோ கோவிலுக்கோ அல்ல, வண்டி உண்மையில் வந்து திரும்பக்கூடிய இடத்துக்குப் புள்ளியை வையுங்கள். அங்கிருந்து மேலே ஏற்ற ஒரு ஆட்டோவை முதலிலேயே பேசி வையுங்கள். கணக்கையே பெற்றோரின் போன் இலக்கத்தில் திறந்து, கார்ட் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். குறுஞ்செய்தி அவர்களுக்குப் போகும், பையனும் அவர்களைத்தான் கூப்பிடுவான். பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை, பேசத் தெரிந்தால் போதும்.

கம்பனிக்கு என் கோரிக்கை அதைவிடச் சின்னது. வீதி என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் தோட்டம், டிவிஷன், லயன் என்று மூன்று கட்டம். பெற்றுக்கொள்பவரின் இலக்கத்துக்கு ஒரு கட்டம். ஒரு மென்பொருள் பொறியாளருக்கு அது ஒரு நாள் வேலை. அதைச் செய்யும் வரை ஐந்துக்கு இரண்டரை: ஒன்றரை சாமானுக்கு, ஒன்று அப்பாவின் பில்லுக்கு.