நாவல்கள் தொடங்குமுன் முடிந்த போர்

மலாயாத் தமிழரின் போர்க்காலத் துயரைச் சொல்லும் நாவல்களுள் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ முன்வரிசையில் நிற்பது. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மெடானையும் பினாங்கையும் களமாகக் கொண்டது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இக்கதைகளைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் எழுகிறது: “அவ்வளவு பலமான வெள்ளைக்காரர் ஏன் ஐயா ஓடினார்கள்?”

இவ்விரு நூல்களிலும் அதற்கு விடை தேடுவது வீண். சிங்காரம் ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதைக் கொண்டே கதையைத் தொடங்குகிறார். சண்முகத்தின் அக்கறையெல்லாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்மீது. ஆட்சி மாறியபின் பட்டது நெஞ்சை உருக்கும்படி வந்திருக்கிறது. மாறியது எப்படி என்பது வரவில்லை. ஆகவே துன்பம் முழுவதும் வெள்ளம்போல், விதிபோல் வந்ததாகவே பிள்ளைகள் எண்ணுகின்றனர்.

விடையோ தொலைவில் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வடக்கே தஞ்சோங் மாலிமைத் தாண்டினால் சிலிம் ரிவர். 1942 ஜனவரி 7 அன்று, விடியுமுன், ஜப்பானியரின் சிறு டாங்கிப் படையொன்று துரோலாக்கில் தடைகளை உடைத்துக்கொண்டு நெடுஞ்சாலையிலேயே பாய்ந்து வந்தது. சாலையில் அணிவகுத்துச் சென்ற கூர்க்காப் படையினர் பின்னால் வருவது பகைவர் டாங்கி என்றே அறியவில்லை. தகர்ப்பதற்குள் சிலிம் ஆற்றுப் பாலம் பறிபோயிற்று. முற்பகலுக்குள் 11ஆம் இந்திய டிவிஷனின் இரு பிரிகேடுகள் சிதைந்தன. நடு மலாயாவைக் கைவிட்டு ஜொகூருக்குப் பின்வாங்க முடிவாயிற்று. 11ஆம் தேதி கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

நாவல் சரித்திரப் பாடமன்று, தொழிலாளி கண்டதையே எழுதவேண்டும் என்பர் சிலர். ஒப்புகிறேன். தொழிலாளி கண்டதுதான் என்ன? தலைமுறை தலைமுறையாகத் தம்மைக் கைகட்டி நிற்கவைத்த துரைமார், பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டுக் காரேறித் தெற்கே போனதை! கங்காணியும் கிராணியும் திகைத்து நின்ற அந்தக் காலைப்பொழுது ஓர் அத்தியாயத்துக்குக்கூடப் போதாதா?

பாலம் பறிபோனபின் தப்பிய சிப்பாய்கள் ரயில் தண்டவாளத்தோடும் காட்டோடும் தெற்கே நடந்தனர். தோட்டங்களின் ஊடே சென்றவர்க்குக் கஞ்சி வார்த்த லயம் ஒன்றாவது இருந்திருக்கும். அந்த லயத்தின் கதையை நான் இன்னும் படிக்கவில்லை.