ஒற்றையடித் தடத்தில் கேமரா

புலிக் கணக்கெடுப்பு கின்னஸ் சாதனையானதிலிருந்து, காட்டுக்குள் தானியங்கிக் கேமரா வைப்பதைக் கேள்வி கேட்டாலே வனவிலங்குக்கு விரோதி என்ற பெயர் வந்துவிடுகிறது. வரிகளை வைத்துப் புலியை இனம் காண இதைவிட நல்ல வழியில்லை. காலடித்தடம் எண்ணிய காலத்துக் குளறுபடிகளை நினைத்தால் இதில் மறுபேச்சே கிடையாது. ஆனால் 2018இல் 26,838 இடங்களில் எடுத்த 3 கோடியே 48 லட்சம் படங்களில் புலி இருந்தவை 76,651. ஆயிரத்துக்கு இரண்டு சொச்சம். முழங்கால் உயரத்தில் மரத்தோடு வாரிட்டுக் கட்டிய அந்தப் பெட்டி, குறுக்கே வரும் எதையும் விடுவதில்லை.

வேட்டைக்கு அனுமதியுள்ள அரிசோனாவில், வேட்டைக்காக இந்தக் கேமராவை வைப்பதை 2022 ஜனவரி முதல் தடுத்துவிட்டார்கள். தண்ணீருக்கு வரும் மானை முன்கூட்டி நோட்டம் பார்ப்பது நியாயமில்லை என்பது அங்கே எழுந்த வாதம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டையைத் தடுத்த நாம் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. இங்கே நோட்டத்துக்கு உள்ளாவது மனிதர்கள். கார்பெட் காட்டோரம் 270 பேரிடம் பேசி திரிசாந்த் சிம்லாய் 2024இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகும் இதைச் சிறு பிசகு என்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இயற்கை உபாதைக்கு ஒதுங்கிய பெண்ணின் படம் சமூக ஊடகத்தில் சுற்றியது. மிருகம் விலகட்டும் என்று உரக்கப் பாடிக்கொண்டு விறகுக்குப் போன பெண்கள், கேமராவுக்குப் பயந்து குரலைத் தாழ்த்தினார்கள். புலியைக் காக்க வந்த கருவி அவர்களைப் புலிக்குப் பக்கத்தில் தள்ளியது.

நாட்டுத் துப்பாக்கியோடு வருபவனைப் பிடிக்க வேண்டாமா என்பார்கள். வேண்டும். ஆனால் அவனுக்குப் பெட்டியை உடைக்கத் தெரியும், மாட்டிக்கொள்வது விறகுக்காரிதான். வடக்கனந்தலுக்கு மேலே கல்வராயன் மலையில் மிருகத்துக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கும் தடம் ஒன்றே. கடுக்காய் பொறுக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் அவளுக்குத் தந்திருக்கிறது. அந்தத் தடத்தில் ஒரு பெட்டி கட்டுவதென்றாலும் முதலில் கிராம சபையில், பெண்களை வைத்துக்கொண்டு, எந்த மரம் என்று கேட்க வேண்டும். மனித முகம் விழுந்த படத்தை, மெமரி கார்டைக் கழற்றிய அன்றே, அவர்கள் கண்ணெதிரில் அழிக்க வேண்டும். இதற்கு ஒப்பாத வனத்துறைக்கு அங்கே கேமரா வைக்க உரிமையில்லை.