எஸ்டேட் டூரில் லயம் வராது

தேயிலை எஸ்டேட்டைச் சுற்றிக் காட்டும் ஒருநாள் டூர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. முதலில் வெறும் காடு. அப்புறம் ஒரு துரை வருகிறார். காடு தோட்டமாகிறது, பங்களா எழும்புகிறது, மெஷின் வருகிறது. மத்தியானம் சாப்பாடு, கடைசியில் டீத்தூள் கடை. நடுவில் ஒரு நூறு வருஷம் யாரோ கொழுந்து பறித்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தால் அதிகம்.

சமீபத்தில் இப்படி ஒரு டூருக்குப் பணம் கட்டிப் போய்வந்தேன். எஸ்டேட்டின் பெயர் வேண்டாம், பெயர் மாறினாலும் கதை மாறாது. ஃபேக்டரி பகுதி உண்மையிலேயே நல்லா இருந்தது, அதைச் சொல்லிடணும். இலையை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவிடுவது, காயவைப்பது, சலிப்பது என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க விட்டார்கள். புளிக்கும் இலையின் வாசம் ரெண்டு நாள் சட்டையில் இருந்தது. ரோலர் எந்த வருஷத்தது, எந்த ஊரில் வார்த்தது, எப்போது பழுதானது என்று கைடு தம்பி ஒப்பித்தார். பங்களாவிலும் அப்படித்தான். கணப்பு, பித்தளை மணி, வேட்டைப் படங்கள், ஒவ்வொரு மேனேஜரின் பெயர்.

அடுத்து தோட்டத்துக்கு வந்தோம். அங்கே ஒரு கூடை, ஒரு முக்காட்டுத் துணி. மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கலாம். ரோலருக்கு வாழ்க்கை வரலாறு இருக்கு, கூடைக்கு இல்லை.

சரிவில் தகரக் கூரை போட்ட நீள வரிசை வீடுகள் தெரிந்தன. லயம். ஜீப் அதைத் தாண்டும்போது கைடு எதிர்ப்பக்கம் அருவியைக் காட்டினார். பிறகு தனியாகப் பேசும்போதுதான் தெரிந்தது, அவர் பிறந்ததே லயத்தில். பாட்டி அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து எடுத்தவர். அதைச் சொல்லலாமே என்றேன். “அதெல்லாம் கெஸ்டுக்குப் பிடிக்காதுண்ணே” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் அவர் பாட்டி இல்லை, அவ்வளவுதான்.

இது ஏன் எனக்கு உறுத்துது என்றால், நான் இருப்பது போளூரில். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டி, கேரள எல்லையை ஒட்டின ஊர். அந்தப் பக்கம் சில மலை மடிப்புகள் தாண்டினால் மூணாறு, கண்ணன்தேவன் மலை. அந்த மலையின் எஸ்டேட் வரலாறு வழக்கமாக 1877-ல் தொடங்கும். பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் மலையைக் குத்தகைக்கு எடுத்த வருஷம். ஆனால் லெப்டினன்ட் வார்டு 1821-ல் இந்தப் பக்கம் சர்வே செய்து எழுதிய குறிப்பின் தலைப்பிலேயே வராககிரி, கண்ணன்தேவன் என்று ரெண்டு மலைப் பெயரும் சேர்ந்து இருக்கு. வராககிரி என்றால் நம்ம பழனிமலை. அதாவது மன்றோவுக்கு 56 வருஷம் முன்னாடியே அந்த மலைக்கு ஒரு தமிழ்ப் பெயர், ஒரு மனிதனின் பெயர், புழக்கத்தில் இருந்திருக்கு. ஆளில்லாத மலைக்கு யாரும் பெயர் வைக்கிறதில்லை. முதுவர்கள் அங்கே இருந்தார்கள். இந்தப் பக்கம் குன்னுவர்கள் படிக்கட்டு வயல் வெட்டி மன்னாடியார்களின் கீழ் ஊர் அமைத்திருந்தார்கள். ‘வெறும் காடு’ என்ற முதல் வரியே அங்கே அடிபட்டுப்போகுது.

மூணாறுக் கதையில் எல்லோருக்கும் பிடித்த இன்னொரு அத்தியாயம், குண்டளை ரயில். 1902-ல் மாடு இழுத்த ஒற்றைத் தண்டவாளம், 1908-ல் சின்ன ரயில், 1924 வெள்ளத்தில் எல்லாம் போச்சு. எனக்கும் அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து போடி பக்கம் கொட்டகுடிக்கு கயிற்றுப் பாதை. தேயிலைப் பெட்டி கயிற்றில் தொங்கி இறங்கியது. கங்காணி கூட்டிவந்த ஆட்கள் ஏறியது நடந்து. பெட்டியின் பாதைக்குத் தேதியெல்லாம் இருக்கு, ஆட்களின் பாதைக்கு அவர்களின் பேரப்பிள்ளைகள் சொல்வதுதான் சாட்சி.

“சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு சோகம் எதுக்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் கேட்பது சோகம் இல்லை, தகவல். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், யூனியன் தலைவர்களை ஓரங்கட்டிவிட்டு ‘பெம்பிளை ஒருமை’ என்று தெருவில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் 10 ஆகக் குறைந்ததுதான் தொடக்கம். அப்போது தினக்கூலி 232 ரூபாய், கேட்டது 500. ஒன்பது நாளில் போனஸ் விஷயத்தில் ஜெயித்தார்கள். இதைவிட விறுவிறுப்பான கதை எந்த பங்களாவில் இருக்கு?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுக்குள் போயின. செத்தது 70 பேர். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கம். வீடு எந்த மேட்டில், எந்த ஓடைக்குப் பக்கத்தில் கட்டப்படுகிறது என்பதும் எஸ்டேட்டின் கட்டடக்கலைதானே? பங்களாவின் கணப்பைப் பத்து நிமிஷம் விளக்குகிற டூர், லயத்தின் இடத்தை ஒரு நிமிஷம் விளக்கலாம்.

வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல், பார்த்ததை 1969-ல் ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். தமிழில் ‘எரியும் பனிக்காடு’. அதைப் படித்துவிட்டு எஸ்டேட் டூர் போனால் கைடு சொல்வது பாதி காதில் ஏறாது.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு இலங்கையில் உதாரணம் இருக்கு. கம்பளைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். 2007-ல் திறந்தது. லயத்துக் காம்பராக்களில் மலையகத் தமிழர்கள் புழங்கிய பொருட்களும் பழைய ஆவணங்களும் இருக்கின்றன. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்களில் சிலர் கொடைக்கானல் மலைக்கும் வந்து மரம் வெட்டிப் பிழைத்தார்கள். ஆக, அந்தக் கதை நமக்கும் தூரத்துச் சொந்தம் இல்லை.

இப்போ மன்னவனூர் வரைக்கும் டூர் வண்டிகள் நிறையவே வருது. ஏரி, ஆட்டுப்பண்ணை, பூம்பாறை முருகன் கோயில், வழியில் பூண்டு. போளூருக்கும் ஹோம்ஸ்டே வரும்னு பேச்சு. அந்த வண்டியில் கைடு எங்க படிக்கட்டு வயலைக் காட்டி என்ன சொல்லப்போறார்னு எனக்கு இப்பவே ஒரு யோசனை. ‘வியூ பாயின்ட்’ என்று சொல்லிட்டுப் போகத்தான் வாய்ப்பு அதிகம். வயலுக்குக் கல் அடுக்கினவர் பெயர் இங்கே இன்னும் பல வீட்டில் தெரியும். வந்தால் கேளுங்க. எஸ்டேட்டுக்குப் போனாலும், ஃபேக்டரி பார்த்து முடித்த கையோடு லயத்துக்கு எந்த வழி என்று கேளுங்க. கைடு தம்பி முதலில் கொஞ்சம் தயங்குவார்.