ஏரிக்கரையும் ஈமக்காடும்: பல்லாவரம் – பொழிச்சலூர் வட்டாரத்தை முன்வைத்துக் கே.ஆர். சீனிவாசனின் ஆய்வு குறித்த மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

பெருங்கற்கால ஈமச்சின்னங்களைத் தமிழ் இலக்கியத்தின் துணைகொண்டு விளக்கிய முன்னோடிக் கட்டுரையைக் கே.ஆர். சீனிவாசன் 1946ஆம் ஆண்டு ‘ஏன்சியண்ட் இந்தியா’ இதழில் வெளியிட்டார். சின்னங்களின் வகைகளுக்குப் பெயர் காண்பதற்கே அக்கட்டுரை இலக்கியத்தைப் பெரிதும் பயன்படுத்தியது. ஈமக்காடு அமைந்த நிலத்தைப் பற்றி இலக்கியம் தரும் செய்தி அதனினும் உறுதியான சான்று என்பதைப் பல்லாவரம் – பொழிச்சலூர் வட்டாரத்தைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பெருங்கற்காலம், ஈமப்பேழை, தாழி, தலபுராணம், பொழிச்சலூர், பல்லாவரம்

முன்னுரை

அடையாற்றை அடுத்துள்ள பொழிச்சலூரின் அகத்தீசுவரர் கோயிலை மக்கள் வட திருநள்ளாறு என வழங்குவர். கொளப்பாக்கம், சோமங்கலம், மாங்காடு, குன்றத்தூர் உள்ளிட்ட ஊர்களின் ஒன்பது சிவாலயங்களைத் தொண்டை மண்டல நவக்கிரகத் தலங்களாக வழிபடும் பயணத்தில் இது சனிக்குரிய தலம். இதற்குச் சில கிலோமீட்டர் தொலைவில் பல்லாவரம் உள்ளது. இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும், அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழையை அகழ்ந்தெடுத்ததும் அங்கேதான். கோயிலுக்கு வருவோர் ஈமத்திடலுக்குச் செல்வதில்லை. ஈமத்திடலை ஆய்வோர் தலபுராணத்தைப் புரட்டுவதில்லை. அயர்லாந்திலும் கார்ன்வாலிலும் புனிதக் கிணறுகளையும் தொல்மேடுகளையும் ஒரே வழிநடையில் கண்டு எழுதும் வழக்கம் உண்டு. தமிழில் இவ்விரண்டும் தனித்தனித் துறைகளாகப் பிரிந்து நிற்பதற்கான காரணத்தை ஆய்வு முறையிலேயே தேட வேண்டியுள்ளது.

சீனிவாசன் ஆய்வின் சிறப்பும் எல்லையும்

மார்ட்டிமர் வீலர் பிரம்மகிரியில் அகழாய்வு செய்தது 1947இல். அதற்கு ஓராண்டு முன்பே, கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு இல்லாத நிலையில், தமிழ் நூல்களைத் தொல்லியல் விவாதத்துக்குள் கொண்டுவந்தது சீனிவாசனின் பெரும்பணி. புறநானூற்றில் (228, 256) குயவனை விளித்துத் தாழி வனையச் சொல்லும் பாடல்களும், மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதையும் அவருடைய முதன்மைச் சான்றுகள். சுடுதல், இடுதல், தோண்டிய குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியில் கவித்தல் என மணிமேகலை கூறும் ஐவகை முறைகளை அவர் தொல்லியல் வகைகளோடு பொருத்திக் காட்டினார்.

இப்பொருத்தத்தில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது காலமும் களமும் பற்றியது. மணிமேகலை புகார் நகரத்துச் சுடுகாடு ஒன்றைக் காட்டும் சமயக் காப்பியம். யாக்கை நிலையாமையை உணர்த்துவது அப்பகுதியின் நோக்கம். பெருங்கற்காலத்தின் தொடக்கத்திற்கு மிகப் பிற்பட்ட அந்நூலின் பட்டியலை அக்கால மரபுகளின் அட்டவணையாகக் கொள்ள இயலாது. இரண்டாவது, பல்லாவரமே எழுப்பும் வினா. நீள்வடிவமும் வரிசையான குட்டைக் கால்களும் கொண்ட சுடுமண் ஈமப்பேழை செங்கல்பட்டு வட்டாரத்தின் குறிப்பிடத்தக்க அடையாளம். ஐவகையுள் எதிலும் அது இயல்பாக அடங்கவில்லை. தாழி என்றால் வடிவம் மாறுபடுகிறது. அடைப்பு என்றால் பொருள் மாறுபடுகிறது. பெயருக்குப் பொருளையும் பொருளுக்குப் பெயரையும் தேடும் முறை, இவ்வட்டாரத்தின் தனிச்சிறப்பான சான்றிடத்திலேயே தடைப்படுகிறது.

நிலம் என்னும் சான்று

சீனிவாசனும் என்.ஆர். பானர்ஜியும் இணைந்து 1953இல் அதே இதழில் தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்கள் பற்றிய கள ஆய்வை வெளியிட்டனர். செங்கல்பட்டு மாவட்டத்துச் சின்னங்கள் பெரும்பாலும் குன்றின் அடிவாரத்தில், உழவுக்கு உதவாத கல்லாங்குத்து நிலத்தில், பாசன ஏரிக்கு அருகே அமைந்திருப்பதை அவ்வாய்வு சுட்டியது. விளைநிலத்தை உயிருள்ளோர்க்கு விட்டு, வன்னிலத்தை இறந்தோர்க்கு ஒதுக்கிய ஒழுங்கு இதில் புலப்படுகிறது.

1946ஆம் ஆண்டுக் கட்டுரையையும் 1953ஆம் ஆண்டு ஆய்வையும் ஒருங்கே வைத்துப் படிக்கும்போது இலக்கியம் புதிய பயன் தருகிறது. புறநானூற்றின் 356ஆம் பாடல் ஈமக்காட்டைக் களர் பரந்து கள்ளி மண்டிய, பகலிலும் கூகை குழறும் இடமாகக் காட்டுகிறது. புலவர் இங்கு அடக்க முறையை வகைப்படுத்தவில்லை. பயிர் ஏற்காத நிலத்தையே வரைகிறார். ஆய்வாளர் மண்ணில் கண்டதும் புலவர் சொல்லில் வைத்ததும் இங்கு நேர்படுகின்றன. அடக்க முறைகள் காலந்தோறும் மாறினும், எந்நிலத்தை இறந்தோர்க்கு விடுவது என்ற வழக்கம் நெடிது நீடித்திருக்கலாம் எனக் கருத இது இடந்தருகிறது.

தலபுராணத்தின் பயன்

பல்லாவரத்தை அடுத்த திருநீர்மலையில், குன்றை நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு திங்கள் காத்திருந்து வழிபட்டார் என்பது தல வரலாறு. இதனை வரலாற்று நிகழ்வாக நிறுவ வேண்டியதில்லை. மழைக்காலத்தில் குன்றுகளுக்கு இடையே நீர் தேங்கிய நிலத்தோற்றத்தை அது நினைவில் வைத்திருக்கிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. குன்று, அதன் சரிவு, கீழே நீர்நிலை என்ற இதே அமைப்பில்தான் ஈமச்சின்னங்களும் உள்ளன. ஏரிகள் சுருங்கிக் குடியிருப்புகள் நிறைந்த இன்றைய புறநகரில், பழைய நீர்ப்பரப்பை மீட்டறியத் தலபுராணம் துணைச்சான்றாகலாம்.

ஊர்மக்களின் சொல்வழக்கும் இத்தகையதே. ‘பாண்டவர் குழி’ என்ற பெயரைப் பிழையான விளக்கம் எனத் தள்ளிவிடுவது எளிது. எனினும், தமக்கு முற்பட்ட மாந்தரின் இடம் இது எனப் பின்வந்தோர் அறிந்து விலக்கி வைத்ததன் பதிவு அப்பெயர். வழிச்செல்வோர் நடுகல்லைத் தொழுது செல்லுமாறு மலைபடுகடாம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. இறந்தோர் இடத்தைக் கண்டு செல்லுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று.

முடிவுரை

இவ்விவாதம் நூலகத்தோடு முடிவதன்று. பல்லாவரத்து ஈமத்திடல் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்திற்குத் தடை. அடுத்த 200 மீட்டர் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. தம் வீட்டை விரிவுபடுத்த இயலாத குடியிருப்போர்க்கு அத்திடல் இடையூறாகவே தோன்றுகிறது. எதற்காக இந்நிலம் காக்கப்படுகிறது என்பதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் ஆய்வுலகம் சொல்லவில்லை. பேழையின் வகையும் கால்களின் எண்ணிக்கையும் அதற்குப் போதா. ஏரி, வயல், குன்று, ஈமக்காடு என ஓர் ஊர் தன் நிலத்தைப் பகுத்து வாழ்ந்த முறையை விளக்கினால், கோயிலுக்கு வருவோரும் அதனைப் பின்தொடர இயலும். மாணவர் களப்பயணங்கள் எழும்பூர் அருங்காட்சியகப் பேழையோடு நின்றுவிடாமல், பொழிச்சலூர், திருநீர்மலை, பல்லாவரம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், புறநானூற்றையும் கள ஆய்வறிக்கையையும் உடன்கொண்டு காணும் வகையில் அமைதல் வேண்டும்.